அக்னி மூலையில் ஒரு பவர் சப்ளை

எந்தத் தொழிற்சாலையில் எது நின்றுபோனாலும் முதலில் சொல்லப்படும் காரணம் ‘லூஸ் கனெக்‌ஷன்’ என்பதாகத்தான் இருக்கும். இந்தத் தொழிலில் பாதி ஆயுளைக் கழித்தவன் என்ற முறையில் ஒரு ரகசியம் சொல்கிறேன். அந்தச் சொல்லை அங்கே யார் முதலில் சொல்கிறாரோ, பெரும்பாலும் தப்பைச் செய்தவர் அவர்தான். எனக்கு எப்படித் தெரியும் என்றால், ஆனேக்கல் பக்கத்தில் ஒரு மிளகாய்த்தூள் தொழிற்சாலையில் ஒருமுறை அதை முதலில் சொன்னவன் நான்.

தொண்ணூறுகளின் கடைசி. திருப்பத்தூரிலிருந்து பி.இ. பட்டத்தோடு பெங்களூருக்கு வந்து, மல்லேஸ்வரத்தில் ஒரு மாடி அறையில் இன்னும் மூன்று பேரோடு தங்கி, பீன்யாவில் ஒரு சின்னக் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். இயந்திரங்களைத் தானாக ஓட வைக்கும் மின்பெட்டிகளைச் செய்து, தொழிற்சாலைகளில் கொண்டுபோய் மாட்டிக் கொடுப்பது எங்கள் வேலை. முதலாளி வரதன் சார், மூன்று தலைமுறையாக மல்லேஸ்வரத்துக்காரர். தமிழில் ஆரம்பித்து, கன்னடத்தில் கோபப்பட்டு, இங்கிலீஷில் முடிப்பார்.

அந்தச் சமயத்தில்தான் புது மாதிரி கேபிள் ஒன்று சந்தைக்கு வந்தது. அதற்கு முன்பெல்லாம் ஒவ்வொரு சென்ஸாருக்கும் ஒவ்வொரு வால்வுக்கும் தனித்தனி ஒயர் மின்பெட்டிவரை வரவேண்டும். நானூறு ஒயர் என்றால் நானூறையும் இழுத்து, நம்பர் போட்டு, முறுக்க வேண்டும். புது முறையில் கட்டைவிரல் தடிமனில் ஒரே கேபிள். ஷெட்டின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை அது ஓடும். வழியிலுள்ள கருவிகளெல்லாம் அதிலேயே தொற்றிக்கொள்ளும். கேபிளுக்குள் இரண்டு ஒயரில் பேச்சு போகும், இரண்டு ஒயரில் சாப்பாடு போகும். பேச்சு என்றால் சிக்னல். சாப்பாடு என்றால் கருவிகளுக்கு வேண்டிய இருபத்துநாலு வோல்ட் மின்சாரம். அந்தச் சாப்பாட்டைப் போடும் பெட்டியின் பெயர் பவர் சப்ளை. அதை எங்கே வைப்பது என்பதில்தான் நான் கெட்டுப்போனேன்.

இத்தனைக்கும் அதற்கென்று புனேயில் மூன்று நாள் பயிற்சிக்குப் போய்வந்தவன் நான். எங்கள் கம்பெனியிலேயே நான் ஒருவன்தான் போனேன். சான்றிதழை ஃப்ரேம் போட்டு அறையில் மாட்டியிருந்தேன். (அறை நண்பர்கள் அதன் மேல் ஈரத் துண்டு காயப் போடுவார்கள். பொறாமை, வேறென்ன!) அந்தப் பயிற்சியில் ‘கேபிளுக்கு மின்சாரம் திட்டமிடுவது எப்படி’ என்ற வகுப்பு இரண்டாம் நாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இருந்தது. மதியச் சாப்பாட்டில் பூரியும் ஸ்ரீகண்ட் என்ற தயிர் இனிப்பும் இருந்தன. வகுப்பில் நான் இருந்தேன் என்பதற்கு வருகைப் பதிவேட்டில் என் கையெழுத்து இருக்கிறது. அதற்குமேல் என்னைத் துருவக்கூடாது.

என்னோடு அந்த வேலைக்கு அனுப்பப்பட்டவர் ரோஸ்லின். டிப்ளமோ முடித்த டெக்னீஷியன், ஆஸ்டின் டவுன் பெண், என் வயதுதான். ஆறு மாதப் பயிற்சிக் காலத்தின் கடைசியில் இருந்தார். இந்த வேலை நல்லபடியாக முடிந்தால் நிரந்தரம் என்று வரதன் சார் சொல்லியிருந்தார். ரோஸ்லினுக்கு அந்த நிரந்தரம் வேறொரு காரணத்துக்காகத் தேவைப்பட்டது. வேலை பார்த்துக்கொண்டே படிக்கிற மாலை நேரக் கல்லூரியில் பி.இ. சேர அவர் விண்ணப்பம் வாங்கி வைத்திருந்தார். ‘இவர் எங்கள் நிரந்தர ஊழியர்’ என்று கம்பெனி எழுதிக் கொடுத்தால்தான் இடம். கடைசித் தேதி ஜூலை மாதக் கடைசி.

“எதுக்கு இவ்ளோ கஷ்டம்? டிப்ளமோவே போதுமே உங்களுக்கு” என்று நான் ஒருமுறை பெருந்தன்மையாகக் கேட்டேன்.

“இல்ல சார். டிப்ளமோ சொன்னா யாரும் கேக்க மாட்டேன்றாங்க. பி.இ. சொன்னா தப்பா சொன்னாலும் கேக்கறாங்க” என்றார்.

அதில் யாரைப் பற்றிய குறிப்பு இருந்தது என்பது எனக்கு உறைக்கவே இல்லை. தலையை வேறு ஆட்டினேன்.

தொழிற்சாலை நஞ்சுண்டையா என்பவருடையது. மசாலாத் தூளில் முன்னுக்கு வந்தவர். புது ஷெட்டு, நான்கு வரிசைகளில் மிளகாய்த்தூள் பாக்கெட் ஓடும் புது இயந்திரம் என்று எல்லாமே புதுசு. ஒரு முனையில் தூள் நிரப்பும் பகுதி, மறுமுனையில் பாக்கெட்டை ஒட்டி வெளியே தள்ளும் பகுதி. கேபிள் வளைந்து நெளிந்து போனதில் நூற்றைம்பது மீட்டர். நஞ்சுண்டையாவோடு எப்போதும் மல்லேஸ்வரத்திலிருந்து வரவழைக்கப்பட்ட ஒரு வாஸ்து நிபுணர் இருப்பார். வெள்ளை வேட்டி, கழுத்தில் ஒரு காம்பஸ். அந்த ஷெட்டில் ஆணி அடிப்பதாக இருந்தாலும் அவர் காம்பஸ் பார்த்த பிறகுதான்.

நானும் ரோஸ்லினும் முதல் நாள் வரைபடத்தை விரித்தபோது அவரும் குனிந்து பார்த்தார்.

“கரெண்டு எல்லாம் அக்னி மூலைல இருக்கணும். தென்கிழக்கு. தயாரான சரக்கு வாயு மூலைல. வடமேற்கு. அப்பத்தான் சரக்கு நிக்காம பறக்கும்.”

(பறந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.)

“நடுவுல?” என்று ரோஸ்லின் கேட்டார்.

“நடு பிரம்மஸ்தானம். அங்க ஒரு துரும்பு இருக்கக் கூடாது.”

“ஒந்து கல்லு கூட பேடா ரீ, வேணாம். அவங்கோ சொன்னா சொன்னதுதான்” என்று நஞ்சுண்டையா கையைக் கூப்பினார்.

நான் உடனே, “அதனால என்ன சார், அக்னி மூலையிலேயே வெச்சிடலாம். நமக்கு எங்க வெச்சாலும் ஒண்ணுதான்” என்றேன். அவர்கள் இருவர் முகத்திலும் அப்படி ஒரு மலர்ச்சி. வாடிக்கையாளர் முகத்தில் மலர்ச்சி பார்ப்பது அந்த வயதில் எனக்குப் பெரிய போதை.

மதியம் கேன்டீனில் சாப்பிடும்போது ரோஸ்லின் ஒரு டெலிவரி சலானின் பின்பக்கத்தைக் காட்டினார். பேனாவில் கணக்குப் போட்டிருந்தார்.

“சார், அந்த மூலைல வெச்சா கடைசி ஆளுக்குக் கரெண்டு போய்ச் சேராது சார். கேபிள் நீளம். போற வழியிலேயே வோல்டேஜ் கொறஞ்சுடும். தூக்கித் தள்ற வால்வு, ஒட்டற யூனிட்டு, எல்லாம் அந்தக் கோடியிலதான் இருக்கு.”

“நம்ம பவர் சப்ளை எத்தன ஆம்பியர்?” என்றேன் வாத்தியார் குரலில்.

“பத்து.”

“எல்லாக் கருவியும் சேர்ந்து எவ்ளோ எடுக்குது?”

“மூணரை.”

“அப்புறம் என்ன? மூணு மடங்கு வெச்சிருக்கோமே!”

ரோஸ்லின் சாப்பாட்டு வரிசையைக் கைகாட்டினார். நீள மேஜையில் இரண்டு பக்கமும் தொழிலாளர்கள் உட்கார்ந்திருந்தார்கள். பரிமாறுகிறவர் ஒரு முனையிலிருந்து சாம்பார் வாளியோடு வந்துகொண்டிருந்தார்.

“அங்க பாருங்க சார். வாளி நெறையத்தான் கொண்டாராங்க. ஆனா மொத ஆளுக்கு முருங்கக்கா, கடைசி ஆளுக்கு வெறும் தண்ணி. வாளி பெருசா இருந்தா மட்டும் போதுமா? நடுவுல இருந்து ரெண்டு பக்கமும் ஊத்திட்டு வந்தா எல்லாருக்கும் ஒரே மாதிரி வரும். பவர் சப்ளைய நடுவுல வெச்சா ரெண்டு பக்கமும் பாதிப் பாதி தூரம்தான் சார்.”

“நடுவுல வெக்கக்கூடாதுன்னுதான் சொல்லிட்டாங்களே.”

“தரையிலதானே சார் வெக்கக்கூடாது? மேல கூரையைத் தாங்கற இரும்பு டிரஸ்ஸுல இருந்து ஒரு பெட்டியில தொங்க விட்டா? தரை காலிதானே?”

இதைவிடத் தெளிவாக ஒரு மனிதருக்கு யாரும் எதையும் சொல்ல முடியாது. நான் செய்திருக்க வேண்டியது ஒன்றுதான். பையிலிருந்த தடித்த கையேட்டை எடுத்து, கேபிள் நீளத்துக்கு எவ்வளவு மின்சாரம் போகும் என்ற அட்டவணையைத் திறந்து பார்த்திருக்கலாம். இரண்டு நிமிட வேலை. ஆனால் திறந்தால் அந்த வகுப்பில் நான் தூங்கியது எனக்கே நிரூபணமாகிவிடும். வரைபடத்தையும் மறுபடி போட வேண்டும். வாஸ்துக்காரரிடம் போய் ‘ஒரு சின்ன மாற்றம்’ என்று தலையைச் சொறிய வேண்டும். அதனால், “கரெண்டு சாம்பார் இல்ல ரோஸ்லின்” என்று சொல்லிச் சிரித்தேன். பக்கத்திலிருந்த இருவரும் சிரித்தார்கள். ரோஸ்லின் சலானை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

மூன்று வாரம் வேலை நடந்தது. கேபிளின் கனெக்டர்களையெல்லாம் ரோஸ்லின்தான் மாட்டினார். ஒவ்வொன்றையும் மாட்டி, இழுத்துப் பார்த்து, மீட்டர் வைத்துப் பார்த்து, பெயின்ட்டில் ஒரு பச்சைப் புள்ளி வைப்பார். அந்த மாதிரி ஒழுங்கை நான் அதற்குப் பிறகு எந்தத் தளத்திலும் பார்த்ததில்லை.

சோதனை ஓட்டத்துக்கு மிளகாய்த்தூள் போதவில்லை என்று ஒரே ஒரு வரிசையை மட்டும் ஓட்டினோம். அழகாக ஓடியது. ரோஸ்லின் சோதனைத் தாளை நிரப்பி, கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தார்: ‘நான்கு வரிசையும் சேர்த்து ஓட்டிப் பார்க்கவில்லை. கடைசி முனை வோல்டேஜை முழு ஓட்டத்தில் பார்க்க வேண்டும்.’

“இதெல்லாம் எதுக்கு எழுதறீங்க? கஸ்டமர் பாத்தா சந்தேகப்படுவாரு. கிளீனா ஒரு ஷீட் எழுதிக் குடுங்க” என்றேன்.

அவர் வேறு தாளில், அந்த வரி இல்லாமல், எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ‘அனைத்தும் சரி. ரோஸ்லின்.’ பழைய தாளை நான் என் கோப்புக்குள் செருகினேன்.

திறப்பு விழா. வாசலில் வாழைமரம், மின்பெட்டிக்கு சந்தனம் குங்குமம், பவர் சப்ளைக்குத் தனியாக ஒரு சாமந்தி மாலை. நாதஸ்வரம், தவில். நஞ்சுண்டையாவின் சம்பந்தி வீட்டார் பட்டுப்புடவையில் வந்திருந்தார்கள். வரதன் சார் கோட் போட்டிருந்தார். நான் டை கட்டியிருந்தேன். (ஆனேக்கல் பக்கத்தில், மே மாதத்தில், மிளகாய்த்தூள் தொழிற்சாலையில் டை! என்னைத் தடுக்க யாருமே இல்லையா?) விருந்தாளிகள் எல்லோரையும் பாக்கெட் வந்து விழும் வாயு மூலையில் வரிசையாக நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தார்கள்.

நஞ்சுண்டையாவின் மனைவி தேங்காய் உடைத்து, பச்சை பட்டனை அமுக்கினார். முதல் வரிசை ஓடியது. சிவப்புச் சிவப்பாகப் பாக்கெட்டுகள் வந்தன. கைதட்டல். இரண்டாவது வரிசை. கைதட்டல். வரதன் சார் என் தோளில் கை போட்டார். நான் கணினி முன்னால் நின்று, மூன்றையும் நான்கையும் ஒரே நேரத்தில் தட்டிவிட்டேன்.

அப்போது கோடியிலிருந்த கருவிகளின் பச்சை விளக்குகள் ஒவ்வொன்றாகச் சிவப்பாக மாறின. எல்லா வால்வும் சேர்ந்து வேலை செய்ய ஆரம்பித்ததும் அந்த முனையில் வோல்டேஜ் சரிந்து, கருவிகள் பேச்சை நிறுத்திவிட்டன. பாக்கெட்டின் வாயை ஒட்டும் யூனிட்டும் அவற்றில் ஒன்று. ஆனால் தூள் நிரப்பும் பகுதி அக்னி மூலையில், பவர் சப்ளைக்குப் பக்கத்திலேயே, வயிறு நிறையச் சாப்பிட்டுக்கொண்டு இருந்தது. அதற்கு ஒரு குறையும் இல்லை. அது நிரப்பிக்கொண்டே இருந்தது. வாய் திறந்த பாக்கெட்டுகள் நான்கு வரிசையிலும் வந்து, பெல்ட்டின் முனையில் கவிழ்ந்து, விருந்தாளிகளுக்கு முன்னால் கொட்ட ஆரம்பித்தன. மே மாதம் என்பதால் அங்கே நான்கு பெரிய மின்விசிறிகள் வேறு வைத்திருந்தார்கள்.

சரக்கு பறந்தது.

முதலில் தவில்காரர் தும்மினார். நாதஸ்வரக்காரர் அப்போதுதான் ஒரு நீண்ட பிடிக்காக மூச்சை முழுசாக உள்ளே இழுத்திருந்தார். பாவம், அந்த மூச்சோடு என்ன உள்ளே போனதோ, வாத்தியத்திலிருந்து வந்த சத்தத்துக்கு எந்த ராகத்திலும் இடம் கிடையாது. சம்பந்தி அம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, “நீர்! நீர்!” என்று கத்த, யாரோ கலசத்துத் தண்ணீரை எடுத்து அவர் மேலேயே ஊற்றினார்கள். தென்மேற்கில் ஒரு துவாரம்கூட ஆகாது என்று மூன்று வாரம் முழங்கிய வாஸ்துக்காரர், தென்மேற்கில் இன்னும் கண்ணாடி போடாத ஜன்னல் வழியாக வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு வெளியே குதித்தார். காம்பஸ் ஜன்னல் கம்பியில் மாட்டிக்கொண்டு ஆடியது.

நான் என்ன செய்தேன் என்று கேட்க வேண்டும். டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கணினியில் ‘மறுபடி முயல்க’ என்பதை அமுக்கிக்கொண்டே இருந்தேன். கண்ணீர் வழிந்ததில் திரை தெரியவில்லை. இரண்டடி தள்ளி, எல்லாவற்றையும் நிறுத்துகிற சிவப்புக் குமிழ் இருந்தது. அது என் நினைவுக்கே வரவில்லை. துப்பட்டாவை முகத்தில் சுற்றிக்கொண்டு ஓடிவந்து அதை அறைந்து அமுக்கியவர் ரோஸ்லின்தான்.

இதுவரை சொன்னதில் சிரிப்பான பகுதிகளை வீட்டில், கல்யாணங்களில், அலுவலக விருந்துகளில் நூறு தடவை சொல்லியிருக்கிறேன். எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். நாதஸ்வரக்காரர் மூச்சு இழுப்பதை நடித்தே காட்டுவேன். இதற்கு அடுத்து நடந்ததைத்தான் பல வருஷம் சொல்லாமல் இருந்தேன்.

விருந்தாளிகள் எல்லோரும் வெளியே போய் முகம் கழுவிக்கொண்டிருந்தபோது, ரோஸ்லின் மீட்டரை எடுத்துக்கொண்டு போனார். நிரப்பும் இயந்திரத்தை மட்டும் நிறுத்திவைத்து, மற்றதையெல்லாம் ஓடவிட்டு, இரண்டு முனையிலும் அளந்தோம். அக்னி மூலையில் இருபத்துநாலு. வாயு மூலையில் பதினஞ்சுக்கும் கீழே. மீட்டரை இரண்டு பேரும்தான் பார்த்தோம். ‘நான் அப்பவே சொன்னேன்’ என்றுகூட அவர் சொல்லவில்லை.

அப்போது வரதன் சார் வந்தார். கோட்டெல்லாம் சிவப்பு, கண்ணெல்லாம் அதைவிடச் சிவப்பு.

“ஏனய்யா ஆயித்து? மானமே போச்சுப்பா. என்ன பிரச்சின?”

ஒரு நொடிதான். என்னுடைய சான்றிதழ், என்னுடைய டை, தோளில் போட்ட கை எல்லாம் அந்த நொடியில் எனக்கு முன்னால் வந்து நின்றன.

“லூஸ் கனெக்‌ஷன் சார்” என்றேன்.

“கனெக்டர் யார் போட்டது?”

நான் சொல்ல வேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று. சோதனைத் தாள் அவர் கையில் இருந்தது. ‘அனைத்தும் சரி. ரோஸ்லின்.’

ரோஸ்லின் அவரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறக்க அவர் எனக்கு நேரம் கொடுத்தார் என்று இப்போது புரிகிறது. நான் கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். மிளகாய்த்தூள் ஒரு நல்ல சாக்கு.

“நான் செக் பண்ணேன் சார். எல்லாம் டைட்டாதான் இருந்துது” என்றார் கடைசியில்.

“டைட்டா இருந்தா இது எப்படிம்மா ஆகும்?” என்றார் வரதன் சார். கோபமாகக்கூட இல்லை, களைப்பாகக் கேட்டார். ரோஸ்லின் மறுபடியும் என்னைப் பார்த்தார். பிறகு மீட்டரின் ஒயர்களைச் சுற்றி, பெட்டியில் வைத்து மூடினார்.

மறுநாள் ரோஸ்லினைப் பீன்யாவிலேயே இருக்கச் சொல்லிவிட்டார்கள். நான் மட்டும் ஆனேக்கலுக்குப் போனேன். ‘கனெக்டர்களையெல்லாம் சரிசெய்துவிட்டேன், கூடுதல் பாதுகாப்புக்குப் பவர் சப்ளையையும் நடுவுக்குக் கொண்டுவருகிறேன்’ என்று அறிவித்தேன். வாஸ்துக்காரர் சுற்றுக்கு வந்து முறைத்தார். “தரை காலிதானே சார், மேலதானே தொங்குது?” என்றேன். அவர் அண்ணாந்து பார்த்தார், தரையைப் பார்த்தார், காம்பஸைப் பார்த்தார். “ஆகாச தத்துவம். பரவால்ல” என்றார். நான்கு வரிசையும் ஓடின. கோடியில் இருபத்தொரு வோல்ட். கனெக்டர்களில் ஒன்றைக்கூட நான் தொடவில்லை. அந்தப் பச்சைப் புள்ளிகள் அப்படியே இருந்தன.

நஞ்சுண்டையா என் கையைப் பிடித்துக்கொண்டு, “தொங்க விடற ஐடியா சூப்பர்ப்பா. யாருக்கு வரும் இது?” என்றார். “சும்மா தோணுச்சு சார்” என்றேன். லூஸ் கனெக்‌ஷனைவிட இதுதான் என்னை அதிகம் உறுத்துகிறது. அதையாவது பயத்தில் சொன்னேன். இதைச் சந்தோஷமாகச் சொன்னேன்.

ரோஸ்லினின் பயிற்சிக் காலத்தை இன்னும் ஆறு மாதம் நீட்டினார்கள். ஜூலைக்குள் கல்லூரிக்கான கடிதம் கிடைக்கவில்லை. ஜூலை முடிந்த வாரமே அவர் வேலையை விட்டுவிட்டார். போகும்போது தன் டூல் கிட்டை என் மேஜையில் வைத்து, உள்ளே இருப்பதையெல்லாம் எண்ணிச் சரிபார்க்கச் சொன்னார். “உங்க மேல நம்பிக்கை இருக்கு, எதுக்கு எண்ணணும்?” என்றேன். (அதைச் சொல்ல எனக்கு வாய் வந்தது பாருங்கள்.)

“இல்ல சார். எண்ணிக்கோங்க. அப்புறம் எது கொறஞ்சாலும் ரோஸ்லின்னுதான் சொல்லுவாங்க” என்றார்.

எண்ணினேன். எல்லாம் சரியாக இருந்தது.

ஒரு வருஷம் கழித்து மனசு கேட்காமல் ஆஸ்டின் டவுனில் அவர் வீட்டைத் தேடிப் போனேன். மன்னிப்புக் கேட்பதாக உத்தேசம். அவர் அம்மா கதவைத் திறந்தார். ரோஸ்லின் ஓசூரில் ஒரு கம்பெனியில் சேர்ந்துவிட்டதாகவும், அங்கே கடிதம் கொடுத்து இந்த வருஷம் காலேஜில் இடம் கிடைத்துவிட்டதாகவும், தினம் பஸ்ஸில் போய்வந்து சாயங்காலம் நேராக வகுப்புக்குப் போய்விடுவதாகவும் சொன்னார். “பொண்ணு துரும்பா எளச்சுட்டாப்பா. போன வருஷமே சேர்ந்திருந்தா, பக்கத்துல வேல, பக்கத்துல காலேஜு. இன்னா பண்றது, யாரோ பண்ண தப்பு. நீங்க யாருன்னு சொல்லட்டும்?”

“பழைய கம்பெனி ஃபிரெண்டுமா. சும்மா இந்தப் பக்கம் வந்தேன். அப்புறம் வரேன்” என்று சொல்லிவிட்டு, பெயரைச் சொல்லாமல் திரும்பிவிட்டேன். அந்த ‘அப்புறம்’ இன்னும் வரவில்லை. சில வருஷம் கழித்து அந்த வீட்டில் வேறு யாரோ இருந்தார்கள்.

பிறகு கல்யாணம் ஆயிற்று. என் மனைவி சுதாவுக்கு மிளகாய்த்தூள் கதை மிகவும் பிடித்துப்போயிற்று. வீட்டுக்கு யார் சாப்பிட வந்தாலும் சாம்பார் பாத்திரத்தை மேஜையின் நடுவில் வைத்து, “நடுவுல வெச்சாச்சுங்க, கடைசி எல வரைக்கும் வோல்டேஜ் வரும்” என்பாள். வந்தவர்கள் என்னவென்று கேட்பார்கள். கதை ஆரம்பமாகிவிடும். அந்த சாம்பார் உதாரணம் என்னுடையது என்றுதான் சுதா பல வருஷம் நினைத்துக்கொண்டிருந்தாள். நான் மறுக்கவில்லை.

எங்கள் மகள் நிலா பாலிடெக்னிக்கில் சேர்ந்த வருஷம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், மைத்துனர் குடும்பம் வந்திருந்தபோது, வழக்கம்போல் கதையைச் சொல்லி முடித்தேன். எல்லோரும் சிரித்து ஓய்ந்தார்கள். நிலா மட்டும் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டாள்.

“அப்பா, நீங்கதான் கம்ப்யூட்டர்கிட்ட நின்னுட்டு இருந்தீங்களே. அப்ப அந்த ரெட் பட்டன யாரு அமுக்கினது?”

இத்தனை வருஷத்தில் ஒருவரும் கேட்டதில்லை. கதையில் நான் அதை ‘யாரோ’ என்று தாண்டிப்போய்விடுவேன்.

“ரோஸ்லின்னு ஒருத்தங்க. டிப்ளமோ முடிச்சவங்க” என்றேன்.

“அவங்களுக்கு என்ன ஆச்சு?”

சொன்னேன். சலானின் பின்பக்கத்துக் கணக்கிலிருந்து டூல் கிட்வரை எல்லாவற்றையும் சொன்னேன். பழைய கோப்பிலிருந்து அந்த முதல் சோதனைத் தாளையும் எடுத்துக் காட்டினேன். ‘நான்கு வரிசையும் சேர்த்து ஓட்டிப் பார்க்கவில்லை.’ நிலா அதை இரண்டு தடவை படித்தாள். மைத்துனர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு மோர் கேட்டார். சுதா சாம்பார் பாத்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். “அப்ப அந்த சாம்பார் விஷயம் அவங்க சொன்னதா?” என்றாள். நான் தலையாட்டினேன். அன்று யாரும் இரண்டாம் முறை சோறு வாங்கவில்லை.

கதை எங்கள் வீட்டில் இன்னமும் சொல்லப்படுகிறது. இப்போது நிலா சொல்கிறாள். ரோஸ்லினின் பெயரோடு சொல்கிறாள், கடைசிவரை சொல்கிறாள். நாதஸ்வரக்காரரை என்னைவிட நன்றாகவே நடிக்கிறாள். எல்லோரும் சிரித்து முடித்த பிறகு நான் எழுந்து சமையலறைக்குப் போய்விடுவேன்.

கூடவே ஒரு புதுக் கேலியும் சேர்ந்துகொண்டது. வீட்டில் எது கெட்டாலும், கீசர் சுடாவிட்டாலும், சாம்பாரில் உப்பு ஏறினாலும், பஸ்ஸைத் தவறவிட்டாலும் நிலா கேட்கும் கேள்வி ஒன்றுதான். போன வாரம் மிக்ஸி ஓடவில்லை. தட்டிப் பார்த்தேன், திருகிப் பார்த்தேன், ஒயரை அசைத்துப் பார்த்தேன். ஹாலிலிருந்து குரல் வந்தது.

“லூஸ் கனெக்‌ஷனா, இல்ல நீங்களாப்பா?”

பார்த்தேன். ஜாடியைச் சரியாகப் பூட்டாமல் வைத்திருந்தது நான்.

“நான்தாம்மா” என்றேன்.

சுதா சிரித்தாள். நிலாவும் சிரித்தாள். எவ்வளவு சின்னச் சொல். எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது. அன்று வரதன் சார் கேட்டபோது ரோஸ்லின் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது இந்த ஒரு சொல்லுக்காகத்தான்.